தருப்பையும் லாலாங்கும்: மலாயாத் தோட்டத் தமிழர் வரலாற்றில் ஒரு புல்

மலேசியத் தமிழர் வரலாற்றைக் கூறும் நூல்களில் இரப்பர் மரம் பெற்றிருக்கும் இடம் தனித்தன்மை வாய்ந்தது. கப்பலேறி வந்தவர்கள், கங்காணியின் கீழ் லயங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள், விடியலுக்கு முன் பிரட்டுக்கு நின்றவர்கள் ஆகியோரைப் பற்றிய நம் நினைவு முழுவதும் அம்மரத்தைச் சுற்றியே கட்டப்பட்டுள்ளது. 1970களில் இந்நாட்டுக்கு வந்து சென்ற அகிலன் தம் நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்று பெயரிட்டதும் அந்நினைவின் வெளிப்பாடே. இதில் வியப்பில்லை. ஆயினும் தோட்டத் தொழிலின் நடைமுறையை அறிந்தோர் ஒரு செய்தியைக் கவனிக்கத் தவறமாட்டார்கள். நடப்பட்ட இரப்பர்க் கன்று பால்வெட்டுக்கு ஏற்றதாக வளர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளும் அத்தோட்டத்தில் பால்வெட்டு என்ற தொழிலே கிடையாது. அப்படியாயின் அங்கே நாட்கூலி பெற்ற தமிழர் என்ன செய்துகொண்டிருந்தனர்?

காடு வெட்டினர், எரித்தனர், வடிகால் தோண்டினர், குழியெடுத்துக் கன்று நட்டனர். இவையெல்லாம் ஒருமுறை செய்து முடிக்கும் வேலைகள். மாதந்தோறும் முடிவின்றித் தொடர்ந்த வேலை களையெடுப்பு ஒன்றே. அக்களைகளுள் துரைமார் மிகுதியாக அஞ்சியது லாலாங் என்னும் புல்லை. இப்புல்லின் வரலாற்றினூடாகத் தோட்டத் தமிழரின், குறிப்பாகத் தமிழ்ப் பெண்களின், உழைப்பு வரலாற்றின் ஒரு பகுதியைக் காண இக்கட்டுரை முற்படுகிறது. பால்வெட்டின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்குக் களையெடுப்பின் வரலாறு எழுதப்படவில்லை என்பதே இம்முயற்சிக்குக் காரணம்.

பெயர் வந்த வழி

லாலாங், தாவரவியலார் இம்பெராட்டா என வழங்கும் புற்பேரினத்தைச் சார்ந்தது. வெப்ப மண்டலங்களிலும் அவற்றை அடுத்த மிதவெப்பப் பகுதிகளிலும் பரவியுள்ள இப்பேரினத்தில் ஏறத்தாழப் பத்துச் சிற்றினங்களே உள. அவற்றுள் உலகெங்கும் பேர்பெற்றது இம்பெராட்டா சிலிண்டிரிக்கா என்பது. இந்தோனேசியாவில் அலாங்-அலாங், பிலிப்பைன்ஸில் கோகோன், மலாய் மொழியில் லாலாங் என்றெல்லாம் வழங்குவது இதுவே.

இப்பேரினத்துக்குப் பெயரிட்டவர் நேப்பல்ஸ் நகரத்து மருத்துவரும் தாவரவியலாருமான டொமினிகோ சிரில்லோ. 1792இல் அவர் தம் ஊரில் இரு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருந்து வணிகர் ஃபெரான்டே இம்பெராட்டோவின் நினைவாக இப்பெயரைச் சூட்டினார். பின்னர் நேப்பல்ஸில் அமைந்த குடியரசில் பங்கேற்ற குற்றத்துக்காக 1799இல் சிரில்லோ தூக்கிலிடப்பட்டார். புல்லுக்குப் பெயரிட்டவர் வரலாறு இவ்வாறு முடிந்தது நம் பொருளுக்குப் புறம்பானதே. இருந்தும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

நமக்கு நெருக்கமான செய்தி வேறொன்று. ஆசியாவில் வளரும் வகையை ஸ்வீடன் நாட்டு அறிஞர் ரெட்சியஸ் 1789இல் விவரித்தபோது, அதைக் கரும்பின் பேரினத்தில் சேர்த்துக் கோனிக் என்பவரின் பெயரை அதற்கு இட்டார். 1812இல் அது இம்பெராட்டா கோனிகி ஆயிற்று. இன்று சிலிண்டிரிக்காவின் ஒரு வகையாகக் கருதப்படுகிறது. இந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயசின் மாணவர். 1768இல் தரங்கம்பாடிச் சமயப் பணிக்கழகத்துக்கு மருத்துவராக வந்தவர். பின்பு ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கும்பெனியிடமும் இயற்கை ஆய்வாளராகப் பணியாற்றியவர். 1778 முதல் 1780 வரை அவர் சயாமுக்கும் மலாக்காவுக்கும் பயணம் செய்து எழுதிய நாட்குறிப்பு, ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1894இல் ராயல் ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் வெளிவந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்கு வந்த ஒருவரின் பெயரை இந்தப் புல் தாங்கியிருக்கிறது. பின்னர் அதே கரையிலிருந்து வந்து இதே புல்லைத் தோண்டிய பல்லாயிரவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நிலத்தில்

தமிழகத்தில் இப்புல்லுக்குரிய பெயர் தருப்பை. இதை ஒரு விளக்கத்தோடு சொல்ல வேண்டும். வடமொழிச் சடங்கு நூல்கள் கூறும் தர்ப்பம், குசம் ஆகியவை எந்தச் செடியைக் குறிக்கின்றன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வடஇந்தியாவில் பெரும்பாலும் டெஸ்மோஸ்டாக்கியா என்னும் வேறொரு பேரினத்துப் புல் பயன்படுகிறது. தமிழகத்திலும் கேரளத்திலும் இம்பெராட்டாவும் தருப்பையாகக் கொள்ளப்படுகிறது. பூக்கும் காலத்தில் இரண்டையும் எளிதில் வேறுபடுத்தலாம்: இம்பெராட்டாவின் கதிர் வெண்பட்டு நூலால் திரித்த திரிபோல் இருக்கும், அதன் தாளில் நடு நரம்பு நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி வெளிறித் தெரியும்.

தருப்பையின் சமயச் சிறப்பை ஆசிரியர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. திருநள்ளாறு தருப்பாரணியம் எனப்படுவதும், அங்கே தலமரம் என்ற நிலையில் ஒரு புல் வைத்துப் போற்றப்படுவதும் பலரும் அறிந்தவை. இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணியின் பெயரே இராமன் கடலரசனை வேண்டிப் புல்லணையில் கிடந்த கதையோடு இணைத்து விளக்கப்படுகிறது. பவித்திரம் என்னும் விரல் வளையம், நீத்தார் கடனில் விரிக்கும் தாள்கள், கிரகணத்தின்போது உணவுக் கலங்களின் மேல் இடும் துண்டுகள், குடமுழுக்கில் வேள்விச் சாலைக் கும்பத்துக்கும் மூலவருக்கும் இடையே கட்டும் கயிறு என அது தொடாத சடங்கு குறைவு.

இங்கு ஒரு வினா எழுகிறது. இத்தகைய மதிப்புள்ள புல்லை மலாயாவில் கண்ட தமிழர், அதைத் தருப்பை என்று ஏன் அழைக்கவில்லை? தோட்டத் தமிழில் வழங்கியது லாலாங் என்ற மலாய்ச் சொல்லே. 'தருப்பை வெட்டப் போனோம்' என்று எந்தத் தோட்டத்து மூதாட்டியும் சொல்லக் கேட்டதில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம் எனத் தோன்றுகிறது. ஒன்று இயற்கை சார்ந்தது. தமிழகத்தின் பெரும்பகுதியில் இப்புல் ஆற்றோரத்திலும் வரப்புகளிலும் ஈரமணலிலும் திட்டுத்திட்டாக வளர்வது. தேடிச் சென்று அறுத்துவர வேண்டியது. மலாயாவிலோ அது கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே பரப்பாகப் பரந்து நின்றது. ஒரே செடியாயினும் காட்சி வேறு. மற்றொரு காரணம் சமூகம் சார்ந்தது; என் கருத்தில் அதுவே வலுவானது. தருப்பை என்பது சடங்கு செய்விப்போரின் சொல். மலாயாத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு முதலான மாவட்டங்களின் நிலமற்ற உழவுத் தொழிலாளர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமானோர். வேள்விச் சாலைக்குள் நுழையும் உரிமையே பெற்றிராத மக்கள், அதன் உள்ளே விரிக்கப்படும் புல்லின் பெயரால் தம் நாட்கூலி வேலையைக் குறித்திருப்பார்கள் என எதிர்பார்ப்பதற்கில்லை. அவர்களுக்கு அது துரையும் தண்டலும் சொன்ன பெயரால் அறிமுகமான களை. கடன்சொற்களை ஆராய்வோர் பொதுவாக அயல்நாட்டில் புதிதாகக் கண்ட பொருளுக்கே அயற்சொல் வரும் என்பர். லாலாங் அவ்விதிக்குப் பொருந்தாத சொல். பொருள் பழையது, அதனோடு இருந்த உறவுதான் புதியது.

காடு போனபின் வந்த புல்

லாலாங் மலாய்த் தீபகற்பத்துக்குப் புதிதாக வந்த செடியன்று. ஆனால் அடர்ந்த மழைக்காட்டின் நிழலில் அதனால் வாழ முடியாது. அதன் முதல் தேவை வெயில். காடு அழிக்கப்பட்ட இடத்தில் காற்றில் பறந்து வரும் அதன் பஞ்சு விதைகள் விழுந்து முளைக்கும்; ஒருமுறை வேரூன்றியபின் விதையின் துணையும் அதற்குத் தேவையில்லை. மண்ணுக்கடியில் கிடையாக ஓடும் மட்டநிலத்தண்டு பக்கந்தோறும் புதிய தாள்களை எழுப்பிக்கொண்டே செல்லும். அத்தண்டின் இரண்டு கணுக்கள் உள்ள சிறு துண்டு போதும், மீண்டும் தழைக்க. தீ அதற்குப் பகையன்று, நட்பு. மேலே உள்ள தாள்கள் எரிந்து போட்டி போடும் பிற செடிகளும் கருகியபின், மண்ணுக்குள் காப்பாகக் கிடந்த குருத்துகள் சில நாட்களிலேயே வெளிப்படும். உலர்ந்த லாலாங் எளிதில் தீப்பற்றுவதால் அந்நிலம் அடிக்கடி எரியும். எரியுந்தோறும் மரக்கன்றுகள் மடியும். புல் மட்டும் எஞ்சும். இவ்வட்டத்தை உடைப்பது கடினம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. சீனர்கள் அங்கே காம்பியரும் மிளகும் சேர்த்துப் பயிரிட்டனர். காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். எனவே பயிரிட்ட நிலத்தோடு அதைச் சூழ்ந்த காடும் அழிந்தது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் வளம் குன்றியதும் அந்நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குச் சென்றனர். தீவில் இடம் போதாமற் போனபோது, 1840கள் முதல் ஜொகூர் ஆறுகளின் கரைகளில் காங்சு முறையின் கீழ்த் தோட்டங்கள் எழுந்தன. கைவிடப்பட்ட சிங்கப்பூர் நிலங்களை லாலாங் கவ்விக்கொண்டது. 1880இல் தாவரப் பூங்காவின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற நத்தானியல் கேன்ட்லி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அளித்த அறிக்கை, எஞ்சியிருந்த காடு எவ்வளவு சிறிது என்பதை ஆட்சியாளர்க்கு உணர்த்தியது. மலாக்காவில் இதே பணியை மரவள்ளி செய்தது. அங்கு மரவள்ளி விளைந்து ஓய்ந்த நிலங்களும் லாலாங் வெளிகளாயின. டான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிகப் பயிராக நட்டபோது, அம்மாநிலத்து நிலவுடைமையாளர்க்கு நிலம் புல்லாகிப் போவது பழகிய துன்பமாகியிருந்தது.

லாலாங்கை முற்றிலும் பயனற்றது என்று கூறுவது தோட்ட முதலாளியின் பார்வை. மலாய், சீன மக்கள் அவ்வாறு கருதவில்லை. அதன் வேரைக் கரும்போடு சேர்த்துக் காய்ச்சிய குளிர்ச்சி நீரைச் சீனர்கள் இன்றும் பருகுகின்றனர். பாலித் தீவில் கூரை வேய்வது இப்புல்லாலேயே. தென் கலிமந்தானின் பஞ்சார் உழவரிடையே ஆய்வு செய்த மைக்கேல் டவ் 1986இல் வெளியிட்ட கட்டுரை, அரசு 'பாழ்நிலம்' என்று எழுதிய அலாங்-அலாங் பரப்பை உழவர்கள் மாட்டுத் தீவனத்துக்கும் கூரைக்கும் உரிய நிலமாகப் பேணியதை எடுத்துக்காட்டியது. 1990களில் உலக வேளாண் காடு ஆய்வு மையத்தார் மதிப்பிட்டபடி ஆசியாவில் இப்புல் கவிந்த நிலம் ஏறத்தாழ 3.5 கோடி ஹெக்டேர். அத்தனையையும் ஒரே சொல்லால் பாழ் என்று ஒதுக்குவது பொருந்தாது. எனினும் இரப்பர்த் தோட்டத்துக்குள் அதன் பயனைப் பற்றிப் பேச இடமே இருந்ததில்லை.

மண்வெட்டியின் காலம்

மலாயாவுக்கு வந்த ஐரோப்பியத் தோட்டக்காரர் பலர் இலங்கையில் பயின்றவர்கள். இலங்கைக் காப்பி 1869இல் தொடங்கிய இலைநோயால் அழிந்தபின் இங்கு வந்து முதலில் காப்பியும் பின்பு இரப்பரும் நட்டனர். அவர்கள் கொண்டுவந்தவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு உரியவை: தமிழ்த் தொழிலாளரைக் கங்காணி வழியாகத் திரட்டும் முறை, தோட்டத்தில் ஒரு புல்லும் தலைகாட்டாதவாறு மண்ணைச் சுரண்டி வைக்கும் 'சுத்தக் களையெடுப்பு'. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. மலிவான கைகள் மிகுதியாகக் கிடைத்தால்தான் ஏக்கர் கணக்கான நிலத்தை முற்றம்போல் வைத்திருக்க இயலும்.

லாலாங்கை மேலே வெட்டினால் பயனில்லை. தண்டு கிடக்கும் ஆழம்வரை மண்ணைக் கிளறி, வெண்மையான அத்தண்டுகளைக் கையால் பொறுக்கிக் குவித்து உலர்த்தி எரிக்க வேண்டும். விட்டுப்போன துண்டுகள் மீண்டும் முளைக்கும். எனவே ஆட்கள் சுற்று முறையில் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு சுற்றுத் தவறினால் முன் செய்த வேலை வீண். புல்லின் விளிம்பு அரம்போன்றது. மண்ணுக்குள்ளிருந்து எழும் குருத்தின் நுனி ஊசிபோன்றது. வெறுங்காலோடு நின்று இவ்வேலை செய்தோரின் கைகால்களை அது எவ்வாறு ஆக்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தோட்டத்தில் இவ்வேலை 'வெளிக்காட்டு வேலை' என்ற பொதுப்பெயரில் அடங்கியது. பால்வெட்டு தனித்திறன் வேண்டும் தொழிலாகவும் இது எவரும் செய்யத்தக்க வேலையாகவும் கருதப்பட்டன. ஆகவே இதற்குப் பெண்களும் சிறுவரும் முதியோரும் மிகுதியாக அனுப்பப்பட்டனர். கூலியிலும் இவ்வேறுபாடு இருந்தது. 1920களின் இறுதியில் முதன்மைத் தோட்டப் பகுதிகளில் அரசு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டதைப் பெரிய திருப்பமாக நம் வரலாற்று நூல்கள் காட்டுகின்றன, அது உண்மையே. ஆனால் புல்லின் முன் குனிந்து நின்றவருக்கு அவ்வாண்டுக்கு முன்னும் பின்னும் வேலையின் தன்மை மாறவில்லை.

சுத்தக் களையெடுப்பு மண்ணுக்குக் கேடாயிற்று. மலைச்சரிவுகளில் மூடாக்கின்றிக் கிடந்த மேல்மண் மழையில் கரைந்து ஆறுகளில் சேர்ந்தது. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் மண்ணரிப்பைப் பற்றிய கவலை கூடியது. பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் போன்ற அவரைக் குடும்பத்துக் கொடிகளைப் படரவிட்டு மண்ணை மூடும் முறை பரவியது. 1925இல் நிறுவப்பட்ட மலாயா இரப்பர் ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த ஹெயின்ஸ், 1934இல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒரு படி சென்றார்: இயற்கையாக முளைக்கும் செடிகொடிகளில் தீங்கற்றவற்றை வளரவிட்டு, தீயவற்றை மட்டும் நீக்கலாம் என்றார். எவ்வளவு தாராளமான பட்டியலிலும் லாலாங்குக்கு மன்னிப்பு இல்லை.

இம்மாற்றத்தை அறிவியலின் வெற்றியாக மட்டும் காண்பது குறைபாடுடையது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்தது. பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். செலவைக் குறைக்க முனைந்த தோட்டங்களுக்கு எளிதில் கைவைக்கத்தக்க செலவு களையெடுப்பே. மண்ணைக் காக்கும் முறை கூலியையும் குறைக்கும் என்றபோதுதான் அது விரைந்து ஏற்கப்பட்டது. 1938இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதைத் தடைசெய்தது. மலிவான கைகள் இனி முடிவின்றி வாரா என்பது தெளிவாயிற்று. கைகளுக்கு மாற்று நஞ்சில் தேடப்பட்டது.

மருந்தின் காலம்

தோட்டத்தார் அதை 'மருந்து' என்றனர். கொல்லும் பொருளுக்கு இப்பெயர் அமைந்தது தமிழில் பொதுவழக்கே ஆயினும், இங்கு அச்சொல் செய்த தீங்கு பெரிது. மருந்து என்று பெயர் பெற்றதை அஞ்ச வேண்டும் என்று எவரும் கற்பிக்கவில்லை.

முதலில் வந்தது சோடியம் ஆர்செனைட், அதாவது பாடாணத்தின் ஓர் உப்பு. போருக்கு முன்பே அறிமுகமாகிப் போருக்குப் பின் பரவலாகப் பயன்பட்டது. விலை குறைவு, விளைவு விரைவு. தெளித்த இடத்தில் மேய்ந்த மாடுகள் மடிந்தன. மாடு என்பது தோட்டத் தமிழ்க் குடும்பத்துக்குக் கூலிக்கு அப்பால் இருந்த ஒரே சேமிப்பாக அமைந்த காலம் அது. லாலாங் ஆங்காங்கே சிதறி நின்ற இடங்களில் வேறொரு முறை கையாளப்பட்டது: எண்ணெயில் நனைத்த துணியைக் கையில் பற்றி ஒவ்வொரு தாளாக அடியிலிருந்து நுனிவரை துடைத்துச் செல்வது. பிற்காலத்தில் எண்ணெயின் இடத்துக்கு வேறு களைக்கொல்லிகள் வந்தபோதும் துடைப்பு முறை தொடர்ந்தது. ஒரு புல்லை அழிப்பதற்காக அதன் ஒவ்வோர் இலையையும் கையால் தடவிய இவ்வேலையை எண்ணும்போது, தருப்பையின் தாளை எண்ணி எடுத்து வைக்கும் சடங்கு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

அடுத்தது பாராகுவாட். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தார் 1955இல் அதன் களைக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தனர். உலகில் அது முதன்முதலாகப் பயன்பட்ட இடங்களுள் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள் முன்னிற்கின்றன, ஆண்டு 1961. அது பச்சைத் தாளைக் கருக்கும். மண்ணுக்கடியில் உள்ள தண்டைத் தொடாது. ஆகவே லாலாங்கை அடியோடு ஒழிக்க அது வலுவற்றது. பிற களைகளுக்கே மிகுதியும் உரியது. லாலாங்கின் தண்டுவரை ஊடுருவிக் கொல்லும் கிளைபோசேட் 1974இல் சந்தைக்கு வந்தபோது அதன் முதல் சந்தைகளுள் மலேசியாவும் ஒன்று, பயிர், இரப்பர். இன்று உலகெங்கும் வழக்காடப்படும் இரு நஞ்சுகளும் முதலில் இறங்கிய களங்களுள் ஒன்று, தமிழர் உழைத்த தோட்டங்கள் என்பது நம் வரலாற்று நூல்களில் ஒரு வரியாகவேனும் இடம்பெற வேண்டிய செய்தி.

தெளித்தவர் யார்? மண்வெட்டி பிடித்தவர்களின் மகள்களும் மருமகள்களும். செம்பனை இரப்பரின் இடத்தைப் பிடித்தபின் இவ்வேலை இன்னும் பெருகியது. முதுகில் தொட்டி, கையில் குழாய், வாயை மூட ஒரு துண்டு. நண்பகல் வெப்பத்தில் கையுறையும் முகமூடியும் அணிந்து பல மணி நேரம் நடப்பது இயலாத செயல். பல இடங்களில் அவை கொடுக்கப்படவும் இல்லை. தெனாகானித்தா என்னும் பெண்கள் அமைப்பும் பூச்சிக்கொல்லிச் செயல் வலையமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவும் இணைந்து 1992இல் 'குரலற்ற பலிகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆய்வை வெளியிட்டன; 2002இல் 'நஞ்சூட்டப்பட்டு வாய் அடைக்கப்பட்டோர்' என்று பொருள்படும் மற்றோர் ஆய்வும் வந்தது. மூக்கில் இரத்தம் வடிதல், நகம் நிறம் மாறிக் கழன்று விழுதல், தோல் புண், கண் எரிச்சல், மூச்சுத் திணறல் ஆகியவை தெளிப்புப் பணியாளரிடையே காணப்படும் பாதிப்புகளாகப் பதிவாகியுள்ளன. பாராகுவாட்டுக்கு முறிவு மருந்து கிடையாது.

2002இல் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாகத் தடைசெய்வதாக அறிவித்தது. தோட்டத் துறையினரின் எதிர்ப்பால் 2006இல் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள். அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். அதற்குள் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாகியும் போயின. தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தன. செம்பனைக் காடுகளில் தொட்டி சுமப்போர் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

ஏட்டில் இல்லாத பக்கங்கள்

லாலாங் இந்நாட்டின் பொதுவாழ்விலும் ஒரு சொல்லாக வேரூன்றியது. காற்றடிக்கும் பக்கம் சாய்வோரை மலாய் மொழி அப்புல்லோடு ஒப்பிடும். பாடாங் லாலாங் என்ற பெயருடைய ஊர்கள் புக்கிட் மெர்தாஜாமை அடுத்தும் லங்காவியிலும் உள. 1987 அக்டோபர் 27இல் தொடங்கிய கைது நடவடிக்கைக்குக் காவல்துறை இட்ட பெயரும் லாலாங்தான். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 106 பேர் பிடிக்கப்பட்டனர். களை என்றால் பிடுங்கப்பட வேண்டியது என்ற தோட்ட வழக்கு, ஆட்சியின் சொல்லகராதிக்குள் நுழைந்ததை அது காட்டுகிறது.

ஆனால் அக்களையைப் பிடுங்கியோரைப் பற்றி எழுதுவதற்கு வேண்டிய சான்றுகள் எளிதில் கிடைப்பதில்லை. கெர்னியல் சிங் சந்துவின் 1969ஆம் ஆண்டு நூலும் சின்னப்பா அரசரத்தினத்தின் 1970ஆம் ஆண்டு நூலும் குடிபெயர்வின் அளவையும் கூலியையும் சட்டங்களையும் விரிவாக ஆய்ந்தன. அவற்றின் நோக்கு வேறாதலால் களையெடுப்புத் தனிப்பொருளாக அங்கே அமையவில்லை. இரா. தண்டாயுதம் தொகுத்த மலேசிய நாட்டுப்புறப் பாடல்களும், முத்தம்மாள் பழனிசாமி எழுதிய 'நாடு விட்டு நாடு' போன்ற தன்வரலாறுகளும் தோட்டத்துப் பெண்களின் குரலைக் கேட்க உதவும் மூலங்கள். அவற்றை இந்த நோக்கில் மீண்டும் படிக்க வேண்டியுள்ளது.

மற்றொரு மூலமும் உண்டு. தோட்ட அலுவலகத்தில் கிராணி நாள்தோறும் எழுதிய செக்ரோல் ஏட்டில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கும் நேரே அன்றைய வேலை குறிக்கப்பட்டது. தோட்டங்கள் விற்கப்பட்டபோது இவ்வேடுகளில் பெரும்பகுதி எரிக்கப்பட்டோ கரையானுக்கு இரையாகியோ போயின. எஞ்சியவை எங்கேனும் ஓர் அலமாரியில் கிடக்குமாயின், அவற்றில் பெண்களின் பெயர்களுக்கு நேரே, பக்கம் பக்கமாக, களையெடுப்பு என்ற ஒரே குறிப்பு இருக்கும். தோட்டப் பின்புலமுள்ள மாணவர் நம் வகுப்புகளில் இன்னும் இருக்கின்றனர். அவர்களின் பாட்டிமாருள் மருந்து தெளித்தவர்கள் இன்று எழுபது வயதை நெருங்கியும் கடந்தும் வாழ்கின்றனர். எந்த ஆண்டில் மண்வெட்டியை வைத்துவிட்டுத் தொட்டியை எடுத்தார்கள், தொட்டியில் இருந்ததன் பெயர் என்ன என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது, அன்று கூலி எவ்வளவு என்ற மூன்று வினாக்களிலிருந்து அந்தப் பணியைத் தொடங்கலாம்.